பிள்ளைகளோடு ஷாங்காய் போகிறீர்களா? கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட், எனக்கு மட்டும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. போன 2025 நவம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில், ஏழு நாள் ஷாங்காய் போய் வந்தோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்ற அவ்வளவு வசதியான ஊர். ஆனால் முதல் ஒன்றரை நாள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. பணம் கட்ட முடியவில்லை, மேப் திறக்கவில்லை, டிக்கெட்டில் பெயர் ஒத்துப்போகவில்லை, நடுவில் சின்னவனுக்குப் பசி. திரும்பி வந்து யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இதில் ஒன்றுகூட அங்கே போய்ச் செய்ய வேண்டிய வேலை இல்லை. எல்லாமே வீட்டில் உட்கார்ந்து, சொந்த ஃபோன் எண்ணும் நல்ல இணையமும் இருக்கும்போதே முடித்திருக்கலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் விமானம் ஏறுவதற்கு முந்தைய வேலைகள்தான்.

1. எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வையுங்கள்

"நமக்கு விசா வேண்டாமாம்" என்று யாரோ சொன்னதை வைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விசா வேண்டுமா வேண்டாமா என்பது நீங்கள் எந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை, ஒவ்வொருவர் கையிலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்களைப் போலக் கலந்த குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு, அங்கேதான் தவறு நடக்கிறது.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கும் அதே 30 நாள்தான், இரு நாட்டு ஒப்பந்தம் 2025 ஜூலை 17 முதல் நடப்பில் இருக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருப்பதால் அந்த விதி மாறாது.

240 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அமெரிக்கா உட்பட 55 நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் நாட்டவரும் ஒரு நாட்டிலிருந்து வந்து வேறொரு நாட்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்து சிங்கப்பூர் போனால் சரி, வந்த நாட்டுக்கே திரும்பினால் செல்லாது. ஹாங்காங் இதில் தனி இடமாகக் கணக்கில் வரும், அது ஒரு வசதி.

அடுத்து காலாவதித் தேதி. பெரியவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்போம், பிள்ளைகளுடையதை விட்டுவிடுவோம். பிள்ளைகள் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருஷம்தான், சட்டென்று முடிந்துவிடும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று நாலு பேருடையதையும் பாருங்கள்.

2. விசா வேண்டியவருக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

நான் மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன். கடைசியில் கிளம்புவதற்கு நாலு நாள் முன்புதான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, அதுவரை தூக்கமே இல்லை.

சுற்றுலா விசாவுக்கு முதலில் ஆன்லைன் விண்ணப்பம். அது நீளமானது: படிப்பு, வேலை, பெற்றோர் விவரம், கடந்த சில வருடங்களில் போன நாடுகள் எல்லாம் கேட்கும். ஒரே மூச்சில் முடிக்க முடியாது, பகுதி பகுதியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், வசிப்பிட அனுமதி அட்டை, போக வர விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வையுங்கள். பிள்ளைகளுக்கும் விசா எடுப்பதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் நகலும் வேண்டும்.

எனக்கு நேரம் போனது புகைப்படத்தில். வீட்டில் வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படத்தை ஏற்றினேன், தோளுக்குப் பின்னால் லேசாக நிழல். திரும்பி வந்தது. அடுத்ததில் முடி காதை மறைத்தது. அதுவும் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது. நேராக ஸ்டூடியோவுக்குப் போய் "சீன விசாவுக்கு" என்று சொல்லி எடுத்துவிடுங்கள், 33க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி.

ஆன்லைனில் சரிபார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஆகும் வேலை நாட்கள் தனி, இடையில் பொது விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். விசா கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்பது. இன்னொன்று, நுழைந்த பின் எத்தனை நாள் தங்கலாம் என்பது. இவை வெவ்வேறு. முதல் தேதியை "அதுவரை தங்கலாம்" என்று புரிந்துகொண்டு சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

விசா வேண்டியவர் குடும்பத்தில் இருந்தால் திரும்பப் பெறக்கூடிய டிக்கெட்டும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டலும் போடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

3. பெயர் விஷயம், நமக்கென்றே உள்ள தலைவலி

இதை நிதானமாகப் படியுங்கள், வேறு எந்தப் பயணக் குறிப்பிலும் நான் இதைப் பார்க்கவில்லை.

நம் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், சிலருக்கு இனிஷியல் விரிவாக. இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ, மலேசியாவில் ஏ/எல், ஏ/பி என்று நடுவில் சாய்கோடு வரும். சீனாவிலோ விமானம், ரயில், டிஸ்னிலேண்ட், பெரிய அருங்காட்சியகம் என்று எல்லா டிக்கெட்டும் பாஸ்போர்ட் பெயரிலும் எண்ணிலும்தான் பதிவாகும். ஓர் எழுத்து மாறினாலும் வாசலில் நின்று விளக்க வேண்டியிருக்கும், விளக்குவதற்கு நமக்கு மொழி கிடையாது.

நான் கண்டுகொண்ட வழி: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். அங்கே சாய்கோடு இருக்காது, நீங்களும் போடாதீர்கள். குடும்பப் பெயர் இல்லை என்றால் விசா விண்ணப்பத்தில் "பொருந்தாது" என்பதைத் தேர்ந்தெடுங்கள், முழுப் பெயரையும் சொந்தப் பெயர் கட்டத்தில் எழுதுங்கள். பிள்ளைகள் பெயரை நீங்களாகச் சுருக்காதீர்கள்.

நாலு பேரின் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி எல்லாவற்றையும் ஃபோனில் ஒரே குறிப்பில் எழுதி வைத்து, அதிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். நான் என் மகள் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்து, ஒரு டிக்கெட்டைக் காசு போய் மறுபடி வாங்கினேன்.

அம்மா பெயரும் பிள்ளைகள் பெயரும் ஒத்துப்போகாத குடும்பம் என்றால் பிறப்புச் சான்றிதழின் நகலையும் கையில் வையுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா இல்லாமல் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் போவதாக இருந்தால் நான் கட்டாயம் கொண்டுபோவேன்.

4. தேதி

அக்டோபர் 1 முதல் ஒரு வாரம், சீனப் புத்தாண்டு, மே 1 ஒட்டிய நாட்கள், இந்த மூன்றிலும் போகவே வேண்டாம். நாடே பயணத்தில் இருக்கும், கூட்டத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை விடாத மழைக்காலம், ஜூலை ஆகஸ்டில் வெயிலோடு அந்த ஊர்ப் பள்ளி விடுமுறையும் சேரும். ஏப்ரலும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரையும் நல்ல காலம்.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு நவம்பர் கடைசி வாரம் ரொம்பப் பொருத்தம். நமக்கு விடுமுறை, அங்கே பள்ளி நடக்கும். பகலில் 15 டிகிரியை ஒட்டி, இரவில் பத்துக்குக் கீழே. பிள்ளைகளுக்குப் பெரிய கோட்டு ஒன்றைவிட, உள்ளே ஒன்று மேலே ஒன்று என்று அடுக்கிப் போடுவது நல்லது, ஏனென்றால் மெட்ரோவுக்குள்ளும் கடைகளிலும் சூடாக இருக்கும். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். பிள்ளைகள் தூங்குவதற்கு முன்பே விளக்குகளைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம் என்பதால் இது எங்களுக்கு வசதியாகவே இருந்தது.

சிங்கப்பூர், மலேசியாவுக்கும் ஷாங்காய்க்கும் நேர வித்தியாசமே இல்லை. இந்தியா, இலங்கையிலிருந்து போனால் இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். ஹோட்டலில் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது, அதுவரை தூங்கி வழியும் குழந்தையோடு வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

5. பணம்: இரண்டு பேர் ஃபோனிலும் அலிபே

அங்கே இளநீர் விற்பவர் முதல் பெரிய கடை வரை கியூஆர் குறியீடுதான். வெளிநாட்டு கார்டைத் தேய்க்கும் வசதி பெரிய ஹோட்டல்களிலும் சில கடைகளிலும்தான் உண்டு. அலிபே என்னும் பணம் கட்டும் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, பாஸ்போர்ட்டை வைத்து அடையாளத்தை உறுதி செய்து, உங்கள் வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். இணைக்கும்போது வங்கியிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஒருமுறைக் குறியீடு வரும். அதனால்தான் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன். நான் அங்கே இறங்கி, பயண சிம்மைப் போட்ட பிறகு இணைக்கப் பார்த்தேன், குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போனது, அந்த சிம் பெட்டிக்குள் எங்கோ கிடந்தது.

வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடவும் மறக்காதீர்கள்.

கணவன் மனைவி இருவர் ஃபோனிலும், இருவேறு கார்டுகளோடு, தனித்தனியாக வையுங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது மற்றவர் தண்ணீர் வாங்க முடிய வேண்டும். கூடவே வீசாட் என்னும் அரட்டை ஆப்பில் உள்ள வீசாட் பே இருந்தால் நல்லது. ஆனால் புதிதாக வீசாட் கணக்குத் தொடங்க ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டி வரலாம், அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

வெளிநாட்டு கார்டில் கட்டும்போது ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம் இல்லை, தாண்டினால் 3 சதவீதம். சாப்பாடு, டாக்சி எல்லாம் 200க்குள் அடங்கிவிடும். பெரிய தொகைகளில்தான் கவனம் வேண்டும். எங்கள் ஹோட்டல் ஆறு இரவுக்கு 3,900 யுவான், அதை அலிபேயில் கட்டியிருந்தால் 117 யுவான் வீண். முன்பதிவு செய்யும்போதே கார்டில் கட்டிவிட்டோம்.

ஆளுக்கு 300 யுவான் ரொக்கமும் பத்து, இருபது தாள்களாக வையுங்கள். ஃபோன் சார்ஜ் தீர்ந்தால் அதுதான் துணை. நாங்கள் போனபோது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஐந்தரை யுவானை ஒட்டிக் கிடைத்தது. இந்திய ரூபாயில் ஒரு யுவானைப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. இணையம்

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அந்த ஊர் இணையத்தில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் திறக்காது. ஆனால் உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கோ, வெளிநாட்டுப் பயணிகளுக்கான இ-சிம்மோ இருந்தால் திறக்கும், ஏனென்றால் தரவு சீனாவுக்கு வெளியே போய்ச் சுற்றி வருகிறது. இ-சிம்மை வீட்டிலேயே நிறுவி, இறங்கியதும் இயக்கினால் போதும். சாதாரண சிம்மைக் கழற்றாமல் குறுஞ்செய்திக்காக அப்படியே விடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஹோட்டலில் யூடியூப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தால் ரோமிங் தரவு காலியாகும். பார்க்க வேண்டியவற்றை முன்பே இறக்கி வையுங்கள். வழி பார்க்க அமேப் ஆப்பின் ஆங்கிலப் பதிப்பு நன்றாக இருக்கிறது, ஐஃபோனில் ஆப்பிள் மேப்பும் வேலை செய்யும். கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள், இடம் கொஞ்சம் தள்ளிக் காட்டும். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

7. வருகை அட்டையும் விமான நிலையமும்

2025 நவம்பர் 20 முதல் வருகை அட்டையை ஆன்லைனிலேயே நிரப்பலாம். சீனக் குடிநுழைவுத் துறையின் தளத்தில், இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா வேண்டாதவர்களும் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனி அட்டை. ஹோட்டல் முகவரியை உடன் வைத்துக்கொண்டு உட்காருங்கள், நாலு பேருக்கு அரை மணி நேரம் ஆகும்.

விரல் ரேகை 14 வயதிலிருந்து 70 வரை உள்ளவர்களுக்குத்தான். பிள்ளைகளிடம் கேட்க மாட்டார்கள்.

வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் புடோங் நிலையத்தில் இறங்கும். ஊருக்குள் போக மூன்று வழி. மெட்ரோ 2ஆம் தடம் பத்து யுவானுக்குள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாக்லெவ் என்னும் காந்த ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும், 50 யுவான், அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் 40. ஆனால் அது லோங்யாங் சாலை நிலையத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து மெட்ரோவோ டாக்சியோ பிடிக்க வேண்டும். டாக்சி என்றால் நகர மையத்துக்கு 200 யுவானை ஒட்டி. நாலு பேர், இரண்டு பெட்டி, தூக்கக் கலக்கம் என்றால் டாக்சிதான் சரி. மாக்லெவை ஊர் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தெளிவாக இருந்து ரசிப்பார்கள். வெளியே வரும்போது "டாக்சி, டாக்சி" என்று கூடவே நடந்து வருபவர்களுக்குப் பதில் சொல்லாமல் அதிகாரபூர்வ வரிசைக்குப் போங்கள்.

டாக்சிகளில் குழந்தை இருக்கை இருக்காது. மடக்கும் பூஸ்டர் இருக்கை ஒன்று கொண்டுபோனோம், அது இல்லாமல் இனி போக மாட்டேன். சாதாரண டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், குழந்தையும் ஓர் ஆள்தான். தாத்தா பாட்டியும் வந்தால் ஆறு பேர் வண்டியை டிடி என்ற டாக்சி ஆப்பில் கேளுங்கள், அது அலிபேக்கு உள்ளேயே இருக்கிறது.

8. எங்கே தங்குவது

மக்கள் சதுக்கம், கிழக்கு நாஞ்சிங் சாலை, ஜிங்ஆன் கோயில், இந்த மூன்றில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில். மூன்றுமே 2ஆம் தடத்தில் இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளியே தள்ளிப் போட்டால், மத்தியானம் பிள்ளையைக் கொஞ்சம் தூங்க வைக்கக்கூட அறைக்குத் திரும்ப முடியாது.

வெளிநாட்டவரை ஹோட்டல்கள் காவல்துறையில் பதிய வேண்டும், அதற்காக எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி நகலெடுப்பார்கள், பயப்படாதீர்கள். சின்ன விடுதிகள் சிலவற்றுக்கு இந்தப் பதிவு பழக்கமில்லை. வெளிநாட்டவர் நிறைய விமர்சனம் எழுதியிருக்கும் ஹோட்டலாகப் பாருங்கள். நண்பர் வீட்டிலோ வாடகைக் குடியிருப்பிலோ தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.

பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் எண்ணிக்கையும் வயதும் சரியாகக் கொடுங்கள். "இரண்டு பெரியவர்" என்று போட்டுவிட்டு நாலு பேராகப் போய் நின்றால் கூடுதல் கட்டிலுக்குக் காசு கேட்பார்கள்.

9. மெட்ரோ, ரயில், உயரக் கணக்கு

கிளம்பும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, செருப்போடு அளந்து எழுதி வையுங்கள். சீனாவில் பல இடங்களில் குழந்தை டிக்கெட்டை உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஷாங்காய் மெட்ரோவில் ஒரு பெரியவர் 1.3 மீட்டர் வரை உயரமுள்ள ஒரு பிள்ளையை இலவசமாகக் கூட்டிப்போகலாம். கட்டணம் 3 யுவானில் தொடங்குகிறது. அலிபேயில் மெட்ரோ குறியீட்டைத் திறந்து வாசலில் காட்டலாம். ஆனால் ஒரு ஃபோனில் ஒருவர்தான் நுழையலாம். என் மகள் 1.34 மீட்டர், ஃபோனும் கிடையாது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் டிக்கெட் எடுத்தோம். சேவை மையத்தில் ஒரு பயண அட்டை வாங்கியிருந்தால் அந்த நேரம் மிச்சமாகியிருக்கும்.

எல்லா நிலையத்திலும் பைகளை ஸ்கேன் செய்வார்கள். மக்கள் சதுக்கம் மாதிரி பெரிய நிலையத்தில் எந்த வாசல் எண்ணில் வெளியேற வேண்டும் என்று பார்த்துவிட்டு நடங்கள், தப்பான வாசலில் ஏறினால் எட்டு வழிச் சாலையின் மறுபக்கம் நிற்பீர்கள். தள்ளுவண்டி என்றால் ஒரு கையால் மடக்கக்கூடிய சின்னது, லிஃப்ட் எல்லா வாசலிலும் இல்லை.

ஒரு நாள் சுஜோ என்ற பக்கத்து ஊருக்குப் போனோம், அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், 12306 என்ற ரயில் டிக்கெட் ஆப்பில் ஆங்கிலம் உண்டு, பாஸ்போர்ட்டே டிக்கெட். 6 வயதுக்குக் கீழே ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை, தனி இருக்கை இல்லாமல் இலவசம், ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போது பெயரைச் சேர்க்க வேண்டும். 6 முதல் 14 வரை குழந்தை டிக்கெட், ஏறக்குறைய பாதி விலை. முக்கியமான பொறி: ஷாங்காய் நிலையம் வேறு, ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையம் வேறு, இரண்டிலிருந்தும் சுஜோவுக்கு ரயில் உண்டு. டிக்கெட்டில் எது என்று பார்த்து, ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தானியங்கி வாசல் நம் பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை என்றால் ஓரத்தில் ஆள் இருக்கும் வாசலுக்குப் போங்கள்.

10. டிஸ்னிலேண்டுக்கு முழு நாள், வார நாளில்

மெட்ரோ 11ஆம் தடம், டிஸ்னி ரிசார்ட் நிலையம். நாங்கள் போனபோது பெரியவர் டிக்கெட் நாளைப் பொறுத்து 475 முதல் 799 யுவான் வரை இருந்தது. 3 முதல் 11 வயது வரை அதில் முக்கால் பங்கு, 3 வயதுக்குக் கீழே இலவசம். செவ்வாய், புதன் பாருங்கள். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாவதால் அன்று நாலு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் என்று முன்பே பார்த்து பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். டிரான் சவாரிக்கு 122 சென்டிமீட்டர், ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு 97. சின்னவனுக்குச் சுரங்க ரயில் கிடைத்தது, டிரான் கிடைக்கவில்லை, அங்கே போய் அழ விடாமல் முன்பே பேசி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஜூடோபியா பகுதி 2023 டிசம்பரில்தான் திறந்தது, கூட்டம் முதலில் அங்கேதான் ஓடும். கதவு திறக்கும் முன்பே போய் நின்று நேராக அங்கே போனோம்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம், சைவக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. கண்ணாடிப் பாட்டிலும் சூடுபடுத்த வேண்டிய உணவும் கூடாது. நாங்கள் சப்பாத்தி சுருளும் பழங்களும் எடுத்துப் போனோம்.

11. மற்ற நாட்கள்

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அதற்கு மேல் திட்டம் போட்டால் நடக்காது.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவசியம் போங்கள், 13ஆம் தடத்தில் அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது, டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்த்துச் சின்னவன் நகரவே இல்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும். இருட்டியதும் வைட்டான் ஆற்றங்கரை, பின்பு அங்கிருந்து மறுகரைக்குப் பயணிகள் படகு, 2 யுவான்தான். அதே ஆற்றில் உல்லாசப் படகுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு இந்தப் படகே போதும். உயரத்திலிருந்து பார்க்க 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் இருக்கிறது, மேகமூட்டமான நாளில் ஏறினால் வெள்ளையாக ஒன்றும் தெரியாது. அதனால் அந்த டிக்கெட்டை மட்டும் முன்பே வாங்காமல் அன்று காலை வானத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜுஜியாஜியாவ் என்ற கால்வாய் ஊருக்கு 17ஆம் தடத்தில் போகலாம், வார நாளில் அமைதியாக இருக்கும்.

12. சாப்பாடு

"சைவம்" என்று சொன்னால் கறித்துண்டு இல்லாமல் தருவார்கள், ஆனால் கறி வேகவைத்த சாறோ, சிப்பி சாஸோ, பன்றிக் கொழுப்போ இருக்கலாம். கிளம்பும் முன் சீன மொழி தெரிந்த ஒருவரிடம் (சிங்கப்பூரில் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்) "இறைச்சி, மீன், இறால், இறைச்சிச் சாறு, விலங்குக் கொழுப்பு வேண்டாம்" என்று எழுதி வாங்கிப் படமாக ஃபோனில் வையுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்பதையும் அதிலேயே சேருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எழுதித் தந்த அந்த ஒரு படம் ஏழு நாளும் எங்களுக்குச் சோறு போட்டது.

பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டவை: தக்காளி முட்டைப் பொரியல், மெல்லிசாகச் சீவி வதக்கிய உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கும் கத்திரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ஒரு வதக்கல், வெள்ளைச் சோறு, காலையில் சோயாப் பாலும் பொரித்த மாவுக் குச்சியும். மேற்கு நாஞ்சிங் சாலையில் கோங்தெலின் என்ற சைவ உணவகம் 1922 முதல் இருக்கிறது, அங்கே ஒரு வேளை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சராசரியாக நாலு பேருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 300 முதல் 350 யுவான் வந்தது.

பருப்புப் பொடி, ஊறுகாய், உடனடி உப்புமா ஒரு சின்னப் பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அறையில் கெட்டில் இருக்கும், ரயிலிலும் நிலையங்களிலும் வெந்நீர்க் குழாய் இருக்கும், ஆளுக்கொரு ஃபிளாஸ்க் போதும். கழிப்பறைகளில் காகிதம் இல்லாமல் போகலாம், கையில் எப்போதும் டிஷ்யூ இருக்கட்டும்.

13. காய்ச்சல் வந்தால், பிள்ளை கைதவறினால்

உங்கள் பிள்ளைக்குப் பழக்கமான காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, உப்பு சர்க்கரைத் தூள், வெப்பமானி எல்லாம் ஊரிலிருந்தே. மூன்றாம் நாள் இரவு மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கையில் இருந்ததால் சமாளித்தோம். மருத்துவமனைகளில் பொதுவாக முதலில் பணம், பிறகுதான் சிகிச்சை. பயணக் காப்பீடு எடுத்து, ரசீது எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். ஆம்புலன்ஸ் 120, காவல்துறை 110.

ஹோட்டலில் சேர்ந்ததும் அதன் பெயரும் முகவரியும் சீனத்தில் அச்சிட்ட அட்டைகளை வாங்குங்கள். பின்னால் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதி, ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒன்று. கைதவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நாங்கள்தான் வருவோம் என்று தினமும் காலையில் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். அந்த ஊர்ப் பாட்டிமார்கள் நம் பிள்ளைகளைப் பார்த்ததும் கன்னத்தைத் தொட வருவார்கள், படம் எடுக்கக் கேட்பார்கள். அன்பாகத்தான், ஆனால் சின்னவன் மிரண்டான். இதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

14. பவர் பேங்க், திரும்பும் நாள்

சீனாவுக்குள்ளேயே விமானத்தில் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஊர் முழுக்கக் கடை வாசல்களில் வாடகைப் பவர் பேங்குகள் இருக்கின்றன, அலிபேயில் எடுத்து வேறொரு கடையில் வைத்துவிடலாம். சிங்கப்பூர், மலேசியாவின் மூன்று சதுர முனை பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் இரண்டு வேண்டும்.

கடைசி நாள் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் புடோங்கில் இருங்கள். அதற்கு முன் உங்கள் விமானம் முதல் முனையமா இரண்டாம் முனையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த ரொக்கத்தை அங்கேயே பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கித் தீர்த்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலிபேயில் இணைத்த கார்டுகளை நீக்கிவிட்டு, வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மறுபடி மூடிவிடுங்கள்.